‘ஆமா’ என்று பதில் சொல்ல முடியாத கேள்வி

பொறியாளர்கள் நாலு பேர் சேர்ந்தால் யாராவது ஒருத்தர் சொல்லிவிடும் பழைய ஜோக் ஒன்று உண்டு. தர்க்கம் படித்த ஒருவருக்குக் குழந்தை பிறக்கிறது. நண்பர் போன் போட்டு ஆங்கிலத்தில் கேட்கிறார்: ‘பாய் ஆர் கேர்ள்?’ இவர் நிதானமாகச் சொல்கிறார்: ‘எஸ்.’

இதே ஜோக்கைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?’ ‘ஆமா.’ யாரும் சிரிக்க மாட்டார்கள். கேள்வி காதில் சரியாக விழவில்லை போல என்றுதான் நினைப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த ‘ஆர்’ கேள்விக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. ‘இரண்டில் எது?’ என்பது ஒன்று. ‘இரண்டில் ஒன்றாவது உண்மையா?’ என்பது இன்னொன்று. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பேசும்போது குரல் ஏறி இறங்குவதை வைத்துத்தான் பிரித்துக்கொள்கிறார்கள். ஜோக்கில் வரும் ஆள் வேண்டுமென்றே தப்பான அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறார். தமிழில் அப்படி எடுத்துக்கொள்ள இன்னொரு அர்த்தமே கிடையாது. ஜோக் அங்கேயே செத்துவிடுகிறது.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் ஒரு கட்டுரை? என் வயதுக்காரர்கள் மத்தியில் லோஜ்பான் என்கிற செயற்கை மொழிக்குள் நுழைவதற்கு இந்த ஜோக்தான் வாசல். ‘மனுஷன் பேசுற மொழி எல்லாமே ஓட்டை. ஒரு கேள்வியைக்கூட ஒழுங்கா கேக்க முடியல. லோஜ்பானைப் பாரு’ என்று ஆரம்பிப்பார்கள். இரண்டாவது கோப்பி வருவதற்குள் ‘இங்கிலீஷே இப்படின்னா தமிழெல்லாம் சுத்த மோசம், லாஜிக்குக்கு ஒத்தே வராது’ என்று முடிப்பார்கள். இந்தப் பேச்சு தப்பு. இதற்கு மறுப்பாக மேடைகளில் கிளம்பும் ‘உலகத்திலேயே தர்க்கமான மொழி தமிழ்தான்’ என்ற பேச்சும் அதே அளவுக்குத் தப்பு. இரண்டு தரப்புமே லோஜ்பான் உண்மையில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாம் அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று என்று தெரிந்திருக்கும்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955இல் ஜேம்ஸ் குக் பிரவுன் என்ற அமெரிக்கர் லோக்லான் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார். ஒருவர் பேசும் மொழி அவருடைய சிந்தனையை வடிவமைக்கிறதா என்பதைச் சோதிக்க, தர்க்கத்தின் மேல் கட்டிய ஒரு மொழி வேண்டும் என்பது அவர் எண்ணம். 1960இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். பிறகு அவருக்கும் ஆர்வலர்களுக்கும் உரிமைத் தகராறு வந்தது. 1987இல் பிரிந்துபோனவர்கள் ‘லாஜிக்கல் லாங்குவேஜ் குரூப்’ என்ற பெயரில் சொற்களைப் புதிதாகச் செய்து லோஜ்பானைத் தொடங்கினார்கள். ‘லோக்லான்’ என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. அது ஒரு பொதுச்சொல், யாருக்கும் தனிச் சொந்தமில்லை என்பது தீர்ப்பு. குழப்பமே இல்லாத மொழி செய்யப் புறப்பட்டவர்கள் ஒரு சொல்லின் பொருளுக்காகக் கோர்ட்டு வரைக்கும் போனார்கள் என்பதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. சண்டை இலக்கணத்தில் இருந்து வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1997இல் ஜான் கோவன் எழுதிய முழு இலக்கண நூல் வெளிவந்தது. இன்றைக்கும் வாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் நூல் அதுதான்.

லோஜ்பானின் வேர்ச்சொற்கள் 1300க்கு மேல். மண்டரின், ஆங்கிலம், இந்தி, ஸ்பானியம், ரஷ்யன், அரபு ஆகிய 6 மொழிகளின் ஒலிகளைப் பேசுவோர் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை போட்டுக் கலந்து செய்தவை. தமிழ் அதில் இல்லை. அதற்காகச் சங்கடப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு இல்லை. அந்த ஆறிலிருந்தும் எடுத்தது ஒலியை மட்டும்தான், இலக்கணத்தை இல்லை. லோஜ்பானின் இலக்கணம் யாரிடமும் வாங்கியதில்லை. எந்த வாக்கியத்தையும் கணினி ஒரே ஒரு விதமாகத்தான் பகுக்க முடியும் என்பது அதன் பெருமை. அந்தப் பெருமை நியாயமானதும்கூட.

இனி கேள்விக்கு வருவோம். லோஜ்பானில் ‘ஹு’ என்று ஒரு சொல் உண்டு. வாக்கியத்தின் முன்னால் அதைப் போட்டால் ‘இது உண்மையா?’ என்று ஆகிவிடும். ‘ஹு டோ பின்ஹே லோ ஷ்காஃபி ஆ லோ சாட்டி?’ என்றால் ‘நீ கோப்பியோ தேத்தண்ணியோ, ஒன்றாவது குடிக்கிறாயா?’ என்று பொருள். இதற்குப் பதில் ‘கோஹி’, அதாவது ஆமாம். இல்லையென்றால் ‘நா கோஹி’. ஜோக்கில் வரும் ஆள் எடுத்துக்கொண்ட அர்த்தம் இதுதான்.

‘எது?’ என்று கேட்க வேண்டுமானால் லோஜ்பான் வேறு ஒன்று செய்கிறது. நடுவில் இருக்கும் இணைப்புச் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘ஜி’ என்று வைக்கிறது. ‘டோ பின்ஹே லோ ஷ்காஃபி ஜி லோ சாட்டி?’ வார்த்தைக்கு வார்த்தை சொன்னால்: ‘நீ குடிக்கிறாய் கோப்பி – எந்த இணைப்பு? – தேத்தண்ணி’. பதில் சொல்கிறவர் அந்த இடத்துக்குப் பொருந்தும் இணைப்பைத் தர வேண்டும். ‘எ’ என்றால் இரண்டும். ‘எ நை’ என்றால் முதலாவது மட்டும். ‘நா எ’ என்றால் இரண்டாவது மட்டும். ‘நா எ நை’ என்றால் இரண்டும் இல்லை. பொருளை வெளிப்படையாக வைத்துவிட்டு உறவைக் கேட்கிறது இந்தக் கேள்வி. இணைப்பே கேள்வியின் விடையாக ஆகிவிடுகிறது. முதலில் படித்தபோது ஒரு நல்ல சர்க்யூட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நம் ஆட்கள் இதைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள்? ‘ஆங்கில ‘ஆர்’ சொல்லில் எக்ஸ்-ஆர் எது, சாதா ஆர் எது என்று தெரியாது, லோஜ்பான் அதைப் பிரித்துவிட்டது, அதனால் குழப்பம் தீர்ந்தது.’ உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு டிஜிட்டல் பாடம் எடுத்தவர்கள்கூட இதைச் சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். லோஜ்பானில் ‘ஒ நை’ என்பது எக்ஸ்-ஆர். ‘இரண்டில் சரியாக ஒன்று’. இதை ‘ஹு’ கேள்விக்குள் போடுங்கள்: ‘நீ கோப்பி, தேத்தண்ணி இரண்டில் சரியாக ஒன்றைக் குடிக்கிறாய் என்பது உண்மையா?’ இதற்கும் பதில் ‘ஆமாம்’தான். எது என்று இப்போதும் தெரியவில்லை. எக்ஸ்-ஆர் கேட்டின் வெளியீடு 1 என்றால் எந்த உள்ளீடு 1 என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஒன்று மட்டும் என்று தெரியும், அவ்வளவுதான்.

ஆக, ஜோக்கின் கோளாறு ‘ஆர்’ எந்த வகை என்பதில் இல்லவே இல்லை. கேள்வி எதைக் கேட்கிறது என்பதில் இருக்கிறது: உண்மையா பொய்யா என்றா, இரண்டில் எது என்றா? லோஜ்பான் தீர்த்தது இரண்டாவதை. அதைத் தீர்த்தது ‘ஜி’. ‘ஒ நை’க்கு அதில் பங்கே கிடையாது. லோஜ்பானைப் புகழ்கிறவர்கள் அதன் மிகச் சிறந்த பகுதியை விட்டுவிட்டுச் சம்பந்தமில்லாத பகுதியைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

எக்ஸ்-ஆரை நம்பினால் இன்னும் பெரிய கூத்து ஒன்று காத்திருக்கிறது. மாமாக் கடையில் தேத்தண்ணி, கோப்பி, மைலோ என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் ‘ஒ நை’ போட்டு இணைத்தால் ‘மூன்றில் ஒன்று மட்டும்’ என்று வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வராது. எக்ஸ்-ஆரைத் தொடராக இணைத்தால் அது ஒற்றைப்படை எண்ணிக்கையைத்தான் சோதிக்கும். ஒன்றை ஆர்டர் செய்தாலும் உண்மை. மூன்றையும் ஆர்டர் செய்தாலும் உண்மை. இரண்டு மட்டும் பொய். தகவல் பரிமாற்றத்தில் பிழை கண்டுபிடிக்கும் பாரிட்டிக்கு இது அருமையான கருவி. பசியாறப் போனவரிடம் கேட்க உதவாது. ‘ஜி’யைத் தொடராக வைத்தாலும் சிரமம்தான்: மூன்று பொருளுக்கு நடுவே இரண்டு ‘ஜி’, இரண்டுக்கும் தனித்தனி இணைப்பைப் பதிலாகச் சொல்ல வேண்டும். மண்டைக்குள் அட்டவணை போடாமல் ‘மைலோ மட்டும்’ என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் லோஜ்பான்காரர்களும் பட்டியலைச் சொல்லிவிட்டு ‘மா’, அதாவது ‘எது’ என்று கேட்பதே சுலபம். கடைத் தம்பி ‘தேத்தண்ணியா கோப்பியா மைலோவா அண்ணே?’ என்று மூச்சு விடாமல் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பதிலும் ஒரே சொல்லில் கிடைத்துவிடும்.

அந்தத் தம்பி என்ன செய்தார் என்று கவனியுங்கள். ஒவ்வொரு பெயரின் வாலிலும் ‘ஆ’ ஒட்டினார். தமிழில் ‘எது?’ கேள்விக்கு வேண்டியது அவ்வளவுதான். ‘கோப்பியோ தேத்தண்ணியோ குடிக்கிறீங்களா?’ என்று ‘ஓ’ ஒட்டி, ‘ஆ’வை வினைச்சொல்லுக்கு மட்டும் கொடுத்தால் அது ‘ஆமா/இல்ல’ கேள்வி. லோஜ்பானின் ‘ஹு’வும் ‘ஜி’யும் செய்கிற பிரிவினையை நம்முடைய ‘ஆ’ எங்கே உட்கார்கிறது என்பதே செய்துவிடுகிறது.

இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. லோஜ்பானில் ‘ஜி’ பெயர்களுக்கு நடுவே மட்டும்தான் வரும். இரண்டு வினைப் பகுதிகளுக்கு நடுவே கேட்க ‘கிஹி’. இரண்டு சொல் சேர்ந்த அடைக்குள் கேட்க ‘ஜெஹி’. முன்கூட்டியே கேள்வியை அறிவிக்க ‘கெஹி’, அடைக்குள் அப்படி அறிவிக்க ‘குஹி’. மொத்தம் 5 சொல். தமிழில் பெயரா, வினையா, காலமா, இடமா என்று பார்ப்பதில்லை. ‘வந்தானா போனானா?’ ‘பெருசா சின்னதா?’ ‘இன்னிக்கா நாளைக்கா?’ ‘ஈப்போவுக்கா பினாங்குக்கா?’ எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஆ’. தமிழுக்கு லாஜிக் வராது என்று சொல்கிற நண்பர்கள் இந்த ஒரு பாராவுக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த கோப்பியைக் குடிக்கட்டும்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. வினா எழுத்துகள் எ, யா, ஆ, ஓ, ஏ என்று பள்ளியில் படித்திருப்போம். சொல்லின் கடைசியில் நின்று கேள்வியாக்குவதில் ‘ஆ’வும் ‘ஓ’வும் அன்று கூட்டாளிகள். இன்றைய பேச்சில்தான் வேலையைப் பிரித்துக்கொண்டன. பவணந்தியின் நன்னூல் வினாவை 6 வகையாகப் பிரிக்கிறது. அதில் ஐயவினா என்று தனியாக ஒரு வகையே உண்டு. இருட்டில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்ற சந்தேகம்தான் உரைகளில் வரும் வழக்கமான உதாரணம். ‘இதுவா அதுவா’ என்ற கேள்வியை, ‘ஆமா/இல்ல’ கேள்வியோடு கலக்காமல் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்தது. ‘எங்கே’, ‘என்று’ போன்ற வினாச்சொல்லோடு ‘ஓ’ சேர்த்தால் எங்கோ, என்றோ. ‘உம்’ சேர்த்தால் எங்கும், என்றும். ‘கோப்பியோ தேத்தண்ணியோ’வில் ‘அல்லது’ வேலை பார்த்த அதே ‘ஓ’, ‘எங்கோ’வில் ‘ஏதோ ஓர் இடத்தில்’ என்று ஆகிறது. ‘கோப்பியும் தேத்தண்ணியும்’ என்பதில் ‘மற்றும்’ வேலை பார்த்த ‘உம்’, ‘எங்கும்’ என்பதில் ‘எல்லா இடத்திலும்’ ஆகிறது. தர்க்கப் பாடத்தில் ‘ஒன்றாவது உண்டு’ என்பதை எல்லாப் பொருள்களையும் ‘ஆர்’ போட்டுக் கோத்த நீள வாக்கியமாகவும், ‘எல்லாம்’ என்பதை ‘அண்ட்’ போட்டுக் கோத்ததாகவும் சொல்லித் தருவார்கள். நம் பாட்டிமார் அதை ஒரு உயிரெழுத்தில் முடித்துவிடுகிறார்கள். மலையாளத்தில் உள்ள இதே அமைப்பை வைத்து மொழியியலாளர் கே.ஏ. ஜெயசீலன் 2001இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்கள் எழுந்து கை தட்டத் தயாராக இருப்பார்கள். கொஞ்சம் உட்காருங்கள். பக்கத்து மேசையில் மண்டரின் பேசுகிறவர்களைக் கேளுங்கள். ‘எது?’ என்று கேட்க அவர்களிடம் ‘ஹாய்ஷி’ உண்டு. ‘ஏதோ ஒன்று’ என்று சொல்ல ‘ஹுவோச்செ’ என்று வேறு சொல். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆசிரியர் சிவப்பு மையில் திருத்துவார். பின்னிஷ் மொழியில் ‘வாய்’ கேள்விக்கு, ‘தாய்’ மற்றதற்கு. பேச்சு மலாயில் ‘நக் தே கெ கோப்பி?’ என்று ‘கெ’ நடுவில் வந்தால் எது என்ற கேள்விதான், எழுத்து மலாயின் ‘அத்தாவ்’ போல ஆங்கிலத்தைத் தேடி ஓடுவதில்லை. நம் சாப்பாட்டுக் கடைகளில் காதில் விழும் மொழிகளில் இந்த ஜோக்குக்கு நன்றாக இடம் கொடுப்பது ஆங்கிலம்தான். தமிழ் ஒன்றும் தனி அதிசயம் இல்லை. ‘மனித மொழி எல்லாமே ஓட்டை’ என்று நண்பர்கள் சொன்னதும் உண்மையில் ‘எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஓட்டை’ என்பதுதான். ஒரு மொழியின் பல்வலிக்கு உலகத்துக்கே பல் பிடுங்கச் சொல்கிறார்கள்.

சரி, ஓட்டை இல்லாத இடத்தில் நாமே ஓட்டை போட்டுக்கொள்வதைப் பற்றி யார் பேசுவது?

நம் ஊரில் தமிழில் வரும் படிவங்களையும் கருத்தாய்வுத் தாள்களையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது மலாயில் எழுதி, பிறகு தமிழாக்குகிறார்கள். ‘ஆர்’ வரும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘அல்லது’. ‘நீங்கள் சொந்த வீட்டில் அல்லது வாடகை வீட்டில் வசிக்கிறீர்களா?’ என் பாட்டிக்காக நான் படித்துக் காட்டிய தாளில் இப்படியொரு கேள்வி இருந்தது. பாட்டி யோசிக்கவே இல்லை. ‘ஆமாய்யா, வீட்லதான் இருக்கோம்.’ தர்க்கப்படி முழுக்க முழுக்கச் சரியான பதில்! தமிழில் சொல்லவே முடியாத ஜோக்கை மொழிபெயர்ப்பாளர்கள் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ‘சொந்த வீடா, வாடகை வீடா?’ என்று கேட்டிருந்தால் இரண்டு வினாடி வேலை.

வீட்டுக் கேள்வியில் சிரித்துவிட்டுப் போகலாம். ‘மாத்திரையை உணவுக்கு முன் அல்லது பின் உட்கொள்கிறீர்களா?’ என்று கேட்டு, பெரியவர் ‘ஆமா’ என்று தலையாட்டி, கேட்டவர் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் சிரிக்க முடியாது. ‘அல்லது’ கெட்ட சொல் இல்லை. ‘அல்’ என்ற மறுப்பு வேரில் பிறந்தது, பழந்தமிழில் ‘தவிர’ என்ற பொருளிலும் வந்தது. ‘சொந்த வீடா அல்லது வாடகை வீடா?’ என்று இரண்டு ‘ஆ’வுக்கு நடுவே நின்றால் ஒரு குறையும் வராது. அந்த இரண்டு ‘ஆ’வையும் பிடுங்கிவிட்டு ‘அல்லது’வை மட்டும் நட்டுவைப்பதுதான் தப்பு. ‘ஆ’ போட்டால் பேச்சு வழக்கு, ‘அல்லது’ போட்டால் எழுத்து வழக்கு என்று யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயவினாவுக்கு நன்னூலிலேயே இடம் இருக்கும்போது இது என்ன மரியாதைக் கணக்கு? தர்க்கத்துக்கு ஒத்துவராத தமிழ் என்று நண்பர்கள் காட்டும் தமிழ் பெரும்பாலும் இந்தப் படிவத் தமிழ்தான்.

அப்படியானால் லோஜ்பானைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. இங்கேதான் நான் மேடைக்காரர்களிடமிருந்து பிரிகிறேன். தமிழ்க் கேள்வி எதைக் கேட்கிறது என்பதில் குழப்பம் இல்லை, உண்மை. ஆனால் ‘கோப்பியா தேத்தண்ணியா?’ என்ற கேள்வி உங்கள் முன்னால் வரும்போதே இரண்டு பதில்களைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறது. இரண்டும் வேண்டும், இரண்டும் வேண்டாம் என்ற இரண்டையும். சொல்லலாம்தான், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ‘ரெண்டும்’ என்றால் பேராசைக்காரர் மாதிரி இருக்கும், ‘ரெண்டும் வேணாம்’ என்றால் கோபக்காரர் மாதிரி இருக்கும். ‘ஜி’ கேள்விக்கு அந்த மாதிரி இல்லை. ‘எ’, ‘எ நை’, ‘நா எ’, ‘நா எ நை’ நான்கும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கேட்கிறவர் எதையும் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. உறவு என்னவென்று சொல்லும் உரிமை முழுக்கப் பதில் சொல்கிறவரிடம் இருக்கிறது. லோஜ்பானிடமிருந்து நமக்கு வேண்டியது இந்த நான்காவது நாற்காலி வரைக்கும் போட்டுவைக்கும் பழக்கம்தான். தெளிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் ‘வர்றியா இல்லியா?’ என்ற கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். தர்க்கப்படி அதற்கும் ‘வர்றியா?’ என்பதற்கும் ஒரு இம்மி வித்தியாசம் கிடையாது. ஆனால் முதலாவது கேள்வியே இல்லை, மிரட்டல். சின்ன வயதில் அதைக் கேட்ட யாரும் ‘இல்ல’ என்று பதில் சொல்லிப் பார்த்திருக்க மாட்டோம். லோஜ்பானில் மிரட்ட வேண்டுமானால் ‘ஒஹொ நை’ என்று கோபத்துக்கான தனிச் சொல்லை வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். கோபத்தை இணைப்புச் சொல்லின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைக்க வழியில்லை. நமக்கு அந்த வசதி தாராளமாக இருக்கிறது. அதை நாம் தாராளமாகப் பயன்படுத்தியும் கொள்கிறோம்.

எங்கே? ‘நீ முதலில் தமிழனா, மலேசியனா?’ ‘பிள்ளைக்குத் தமிழா, இங்கிலீஷா?’ ‘உனக்கு இலக்கியமா, வேலையா?’ இந்தக் கேள்விகளில் இலக்கணக் கோளாறு ஒன்றும் கிடையாது. ‘ஆ’வும் ‘ஆ’வும் அழகாக உட்கார்ந்திருக்கின்றன. அதனாலேயே இவை ஆபத்தானவை. கேள்வி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பதிலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் நம்பிவிடுகிறோம். ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிக்கூடத்தில் உட்கார முடியாது. அதனால் ‘தமிழ்ப்பள்ளியா தேசியப்பள்ளியா?’ என்பது நேர்மையான கேள்வி. ஆனால் ஒரு வாய்க்குள் இரண்டு மொழி தாராளமாக உட்காரும். பள்ளிக்குப் பொருந்தும் ‘ஆ–ஆ’வை மொழிக்கும் போட்டு, வீட்டில் தமிழைக் கைவிட்ட குடும்பங்கள் எத்தனை! அவர்களிடம் யாராவது ‘ஜி’ போட்டுக் கேட்டிருந்தால் ‘எ’ என்று ஓரெழுத்தில் பதில் வந்திருக்கும்.

படிவங்களிலும் இதே கதைதான். மலேசியப் படிவத்தில் இனம் என்று வரும்போது மலாய், சீனர், இந்தியர், கடைசியில் ‘லாயின்-லாயின்’. அப்பா தமிழர், அம்மா சீனர் என்றால் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டு இன்னொரு பாட்டியை மறந்துவிட வேண்டும். சிங்கப்பூரில் 2011 முதல் இரண்டு இனத்தையும் நடுவே கோடு போட்டு அடையாள அட்டையில் பதியலாம். அந்தச் சின்னக் கோடு என் கண்ணுக்கு லோஜ்பானின் ‘எ’ மாதிரியே தெரிகிறது. ஒரு அரசாங்கம் நினைத்தால் கேள்வியின் வடிவத்தை மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி. இலக்கணத்தை மாற்றத் தேவை இருக்கவில்லை.

லோஜ்பானுக்கும் கை எட்டாத இடம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ‘கோப்பியா தேத்தண்ணியா?’ என்றால் பாதிப் பேர் சொல்லும் பதில் ‘எதுன்னாலும் பரவால்ல.’ உண்மை-பொய் அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே மொத்தம் 16 உறவுகள் சாத்தியம். லோஜ்பான் அவற்றில் 14ஐ நேரடியாகச் சொல்லிவிடும். எப்போதும் உண்மை, எப்போதும் பொய் என்ற இரண்டை மட்டும் விட்டுவிடுகிறது. அந்தப் பதினாலில் ‘உங்க இஷ்டம்’ என்பது இல்லை. ‘ஆ’, அதாவது ‘ஒன்றாவது’ என்று பதில் சொல்லலாம், ஆனால் தேர்வை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கும் அந்த மரியாதை அதில் ஏறாது. அது உண்மையைப் பற்றிய தகவல் இல்லை, ஒருவர் இன்னொருவருக்குத் தரும் அனுமதி. தர்க்கத்தில் எல்லாமே அடங்கிவிடும் என்று நம்புகிற நண்பர்கள் அடுத்த முறை விருந்துக்குப் போகும்போது இதை யோசிக்கலாம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். தமிழில் கேள்வி எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், இனி இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்கள் ‘ஆர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எது என்று கேட்கிறதா? ‘ஆ–ஆ’ போடுங்கள். ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று கேட்கிறதா? ‘ஓ–ஓ’ போட்டு, வினைக்கு ‘ஆ’ கொடுங்கள். அதற்குப் பிறகு, பேனாவைக் கீழே வைப்பதற்கு முன்னால், இரண்டும் என்று ஒருவர் நியாயமாகச் சொல்ல முடியுமா, இரண்டும் இல்லை என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். முதல் இரண்டும் நம் பாட்டியிடம் இருக்கின்றன. மூன்றாவதற்கு லோஜ்பானிடம் கடன் வாங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை.

‘அப்போ லோஜ்பான் நல்லதா, தமிழ் நல்லதா?’ என்று ஒருவர் கேட்கக் கூடும். கேள்வியில் ‘ஆ’வுக்குப் பதில் ‘ஜி’ போட்டுக்கொண்டு வாருங்கள், பதில் சொல்கிறேன்.